பலகை இல்லாத நேரம்

"டர்போ மாட்டியாயிற்று. கசிவு இல்லை." ஐப்பசி முதல் ஞாயிறு காலை என் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன். சேற்றுப் பந்தயத்துக்காக நானும் வெல்டர் சேகரும் கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் ஒரு பழைய டீசல் லாரியைத் தயார் செய்தோம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை மாட்டுவது என் வேலை.

மாலையில் எளாவூர் அருகே சேற்றில் ஓட்டிப் பார்த்தோம். திடீரென எஞ்சின் அலறியது. எப்படியோ உள்ளே புகுந்த ஆயிலையே எரித்துக்கொண்டு தானாக ஓடியது.

"சாவிய புடுங்கியும் நிக்கல நைனா!" என்று சேகர் குதித்து இறங்கினான்.

"காத்த அடைக்கணும், பலகைய எடு!" என்று கத்தினேன்.

"எங்கடா வெச்ச?"

காற்று நுழையும் வாயை மூட எப்போதும் ஒரு பலகை வைத்திருப்போம். அன்று அதை ஜாக்கிக்கு அடியில் போட்டு, சேற்றிலேயே விட்டிருந்தேன். நான் அதைத் தேடி ஓடும்போது சேகர் வெறுங்கையால் மூடினான். எஞ்சின் நின்றது. உள்ளே சுழன்ற டர்போ விசிறியில் அவனுடைய மூன்று விரல்கள் போயின.

மருத்துவமனையில் அவனே என்னைத் தேற்றினான். "உன் மேல இன்னா தப்பு? ஆயில நான்தான் ஜாஸ்தியா ஊத்திட்டேன். பேஜாரு பண்ணாத."

நான் மறுக்கவில்லை. பிரித்துப் பார்க்கும் முன்பே எஞ்சின் காயலான் கடைக்குப் போய்விட்டது. அவன் ஆயிலை அதிகம் ஊற்றினானா, என் டர்போ கசிந்ததா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.