வைரவரிடம் இருந்த சில்லு மூடி

என் மாமாவுக்கு அந்த வருடம் இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று, கந்தளாயில் பேசியிருந்த பெண். மற்றது, அவளைப் பார்க்கப் போகும்போது காரின் நான்கு சில்லுகளிலும் மூடி இருக்க வேண்டும் என்பது. எது பெரிய ஆசை என்று கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு துறைமுகத்துப் பட்டறைக்கு வேலைக்குப் போய்வந்தார். வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஒரு பச்சைக் கார் மட்டும் போகாமல் மிஞ்சிவிட்டது. இரண்டே பேர் இருக்கலாம், கூரை கிடையாது, பாய்ந்து ஓடுவதற்கென்றே செய்த கார். மாமா அதை எங்கள் வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். சில்லுகளின் நடுவில் கோப்பைத் தட்டளவில் வெள்ளி மூடிகள் மினுங்கின. ஆனால் மூன்றுதான் இருந்தன. நான்காவது சில்லின் நடுவில் கிறீஸ் படிந்த ஓட்டை.

பட்டறைக்காரர்கள் தகட்டில் ஒன்று வெட்டித் தருகிறோம் என்றார்கள். மாமா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. காரோடு பிறந்த மூடிதான் வேண்டுமாம்.

அது இருந்த இடம் ஊருக்கே தெரியும், மாமாவுக்குத்தான் பிந்தித் தெரிந்தது. உள்துறைமுகத்துக்கு இறங்கும் வளைவில் ஒரு புளியமரம், மரத்தடியில் ஒரு சூலம். அதுதான் வைரவர். அந்தக் காரை முதலில் வைத்திருந்த வெள்ளைக்காரன் அந்த மரத்தில்தான் மோதிச் செத்துப்போனான். மறுநாள் கடலுக்குப் போனவர்கள் சூலத்தடியில் ஒரு தட்டு மினுங்குவதைக் கண்டார்கள். சாமிக்கு முன்னால் தட்டுக் கிடந்தால் எங்கள் சனம் சும்மா விடுமா? சூடம் கொளுத்தத் தொடங்கியவர்கள் பிறகு நிறுத்தவேயில்லை.

மாமா அதைத் தூக்கிவந்து பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். கரிக்குள்ளிருந்து வெள்ளி வந்தது. அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"தம்பி, அது வைரவரின்ர சாமான். கொண்டுபோய் வைச்சிடு."

"இது காரின்ர சாமான் அக்கா. வைரவர் இவ்வளவு நாளும் இரவலா வைச்சிருந்தவர்."

"செத்தவன்ர சாமான். அதைப் பூட்டிக்கொண்டு அந்த வளைவால போகப்போறியோ? எனக்கெண்டு இருக்கிறது நீ ஒருத்தன்தான்."

மாமா சிரித்தார். மூடியைச் சில்லின் நடுவில் பொருத்தி, மேலே துணியை மடித்து வைத்து, மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். டக்கென்று சத்தம் வந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். வந்தது.

அன்று பின்னேரம் எங்கிருந்தோ ஒரு கறுப்பு நாய் வந்து அந்தச் சில்லுக்குப் பக்கத்தில் படுத்தது. வைரவரின் வாகனம் எது என்று எனக்குக்கூட அந்த வயதில் தெரியும். அது குரைக்கவில்லை. நான் போட்ட சோற்றை முகர்ந்தும் பார்க்கவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

காலையில் நாயும் இல்லை, மூடியும் இல்லை. மூடி புளியமரத்தடியில் இருந்தது, நடுவில் சூடம் எரிந்த கரியோடு. "பெடியளின்ர வேலை," என்று மாமா எடுத்துவந்து திரும்பவும் பூட்டினார். நாயும் திரும்ப வந்தது. மறுநாள் காலையிலும் அதே கதை.

எனக்கென்றால் கொள்ளைச் சந்தோஷம். எங்கள் வீட்டுக்குச் சாமி வந்து போகிறார் என்று வகுப்பு முழுவதும் சொல்லி வைத்தேன். அந்த இரண்டு காலையும் எனக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்ட அம்மாவின் நகங்களில் கரி இருந்தது. விறகடுப்பு வீட்டில் எந்த அம்மாவின் நகத்தில் கரி இல்லை? குசினியில் ஒரு கரண்டியின் காம்பு வளைந்திருந்ததைப் பார்த்து மாமா தனக்குள் சிரித்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் மாமா காரை மதிலோடு ஒட்டி நிறுத்தினார், அந்தச் சில்லு மதில் பக்கம் இருக்கும்படி. என்னைக் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். விரல் போனது, கை போகவில்லை. "இனி வைரவர் எடுக்கிறதெண்டாலும் காரைத் தள்ளிப்போட்டுத்தான் எடுக்கவேணும்," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா உள்ளே போய்விட்டார். நாய் வாசல் படலையடியில் இருந்து மதிலையே பார்த்தது.

விடியற்காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கார் நிறுத்திய இடத்திலேயே நின்றது, ஈர மண்ணில் சில்லுத் தடம் ஒன்றுமில்லை. மாமா இடுக்கால் எட்டிப் பார்த்தார். ஓட்டைதான் தெரிந்தது. அவர் வளைவுக்கு ஓட, நான் பின்னால் ஓடினேன். சூலத்தடியில் மூடி இருந்தது. அதில் சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு சனம் இல்லை. நாய் மட்டும் நெருப்புக்கு முன்னால் இருந்து எங்களைத் திரும்பிப் பார்த்தது. மாமா மூடியைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போனார். அம்மா இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எப்பிடி எடுத்தனீங்கள்?"

"என்னத்தை?" என்று கேட்டபடி அம்மா நிமிர்ந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். சாமி வென்றுவிட்டார் என்று நான் கைதட்டிச் சிரித்தேன்.

நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு மாமா மூன்று மூடியோடு புறப்பட்டார். வளைவில் காரை நிறுத்தி இறங்கிக் கும்பிட்டாராம். கந்தளாயில் வெறும் சில்லு வேலிப் பக்கம் இருக்கும்படி நிறுத்தினாராம். சில்லையெல்லாம் யார் பார்த்தது என்று மாமி இன்றைக்கும் கேட்பார். அந்தக் காரை மாமா பல வருடம் ஓட்டினார். ஒரு கீறல் விழவில்லை. மூடி மட்டும் மரத்தடியிலேயே இருந்தது.

முதல் இரண்டு தடவையும் கரண்டிக் காம்பால் நெம்பி மூடியைக் கொண்டுபோய் வைத்தவர் அம்மா என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது. மாமாவுக்கு அது முதலே தெரிந்திருக்கிறது. ஆனால் அன்று காலை அம்மா ஏன் எழும்ப ஏலாமல் இருந்தார் என்பது விளங்க இன்னும் கனகாலம் பிடித்தது. அவரைத் தூக்கிவிட நான்தான் கையைப் பிடித்தேன். விரல்களில் மா ஒட்டியிருந்தது. நகங்களில் கரி இல்லை.