நேராகப் போக நாலு விளக்கு

நாற்சந்தியில் மற்றவர்கள் செய்கிற அட்டூழியங்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இலஞ்சியில் கிளம்பித் தென்காசி போய்ச் சேருவதற்குள் நாலு பேரையாவது திட்டாமல் நான் கார் ஓட்டியதில்லை. இடது ஓரத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று வலப்பக்கம் திரும்புகிறவன், முன்னால் இருப்பவன் மூச்சு விடுவதற்குள் ஆரன் அடிக்கிறவன், சீசனுக்குக் குற்றாலம் வந்து ஈரத்துண்டைக் காரின் கதவில் காயப்போட்டபடி வருகிறவன், எல்லாருக்கும் திட்டு உண்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் திட்டுவேன். என் வீரம் அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற பாவப்பட்ட ஜீவன் என் மனைவி.

அவள் பள்ளி ஆசிரியை. போன வருஷம் கடையத்துக்கு மாற்றல் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நின்றுகொண்டே போனால் முழங்கால் வீங்கிவிடும். கோடை விடுமுறை முடிவதற்குள் லைசென்ஸ் எடுத்துக் காரில் போவது என்று தீர்மானித்தாள். டிரைவிங் ஸ்கூலில் சேருகிறேன் என்றவளைத் தடுத்தது நான்தான். வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது வெளியே எதற்கு என்றேன்.

ஸ்டியரிங், கிளட்ச் எல்லாம் நன்றாகவே பழகினாள். நாலு ரோடு சேருகிற முக்கில் நேராகப் போகிற பாடம் வந்தபோதுதான் தகராறு. "நேராப் போகணும்னா நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கோ" என்று சிவப்பு முக்கோணப் பொத்தானைக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான் போவார்கள். இடது எரிந்தால் இடப்பக்கம், வலது எரிந்தால் வலப்பக்கம், நாலும் எரிந்தால் நேரே. இதில் என்ன குழப்பம்?

"புக்குல அப்படி இல்லையே. வண்டி ரிப்பேராகி நடுரோட்டுல நின்னாத்தான் நாலையும் போடணும்னுல்லா இருக்கு" என்றாள்.

"புக்கு எழுதுனவன் தென்காசி முக்குல வண்டி ஓட்டியிருக்கானா?" என்றேன்.

அவள் பொத்தானை அழுத்திப் பழகினாள்.

டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் அவள் பக்கத்தில் ஏறினார். நான் மரத்தடியில் நின்று பார்த்தேன். முக்கு வந்ததும் நாலு விளக்கும் பளிச் பளிச்சென்று எரிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வந்து இறங்கியவள், "நாலு லைட்டையும் போட்டது தப்பாம். அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாரு" என்றாள். பள்ளிக்கூடம் திங்கட்கிழமையே திறக்கிறது.

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், நம் ஊர் வழக்கம் அவருக்கு எங்கே தெரியும் என்று வழியெல்லாம் பொருமினேன். குற்றாலம் ரோடு முக்கு வந்ததும் வீம்புக்கு நாலையும் போட்டு நேராகப் போனேன். இடப்பக்கத்து ரோட்டிலிருந்து ஒரு பைக் குறுக்கே வந்தது. இருவரும் பிரேக் அடித்து ஒரு சாண் இடைவெளியில் நின்றோம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் போலிருக்கிறது. அவர் முன்னால் வைத்திருந்த கேன் கவிழ்ந்து என் பானெட் முழுக்க எண்ணெய்க் குளியல்.

முதல்முறையாகக் கண்ணாடியை இறக்கித் திட்டினேன். "நாலும் போட்டிருக்கேம்லா! நேரா வாரேன்னு தெரியலையா?"

"நான் வந்த பக்கத்துல இருந்து பாத்தா ஒண்ணுதானே தெரியும் அண்ணாச்சி? இடதுல திரும்புதீயன்னுல்லா வந்தேன்" என்றார்.

இறங்கிப்போய் அவர் பைக் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரே ஒரு விளக்குதான் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக எத்தனை பேரை இப்படி ஏமாற்றியிருப்பேன், ஏமாந்தவர்களை வேறு திட்டியிருப்பேன் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது.

காரில் ஏறியதும் மனைவி சொன்னாள். "இன்ஸ்பெக்டரும் இதத்தான் சொன்னாரு. யாரு சொல்லிக்குடுத்தான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நானாப் பழகினேன்னு சொன்னேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அந்த வாரம் முழுக்க இரண்டு பஸ் மாறிப் போய்விட்டு, சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்காருவாள். நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். வேறு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் பாஸாகிவிட்டாள். முதல்நாள் கிளம்பும்போது, "நீங்க கூட வராண்டாம்" என்றாள். மனம் கேட்கவில்லை. ஸ்கூட்டரில் முந்திப் போய் முக்கு டீக்கடையில் நின்றுகொண்டேன். அவள் வந்தாள். நிறுத்தினாள். இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு, நேராகப் போனாள். ஒரு விளக்கும் எரியவில்லை.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் உச்சுக்கொட்டினார். "ஒரு லைட்டாவது போடுதாவளா, பாத்தியளா? நேராப் போகணும்னா நாலையும் போடணும்லா?"

டீ கிளாஸைக் காராகவும் பிஸ்கட்டை பைக்காகவும் வைத்து அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணாச்சி கார் ஓட்டுவீயளா?"

"பழகிக்கிட்டிருக்கேன்" என்றேன்.