பாடி மேம்பாலத்தடியில் ஓர் அலை

பாடி மேம்பாலத்தடியில் எங்கள் டெம்போ பஞ்சராகி நிற்கிறது. பின்னால் என் ஆளுயர ஹார்ப். மாலையில் மேடையில் தனியாக அதில் கடலின் ஓசையை வாசிக்க வேண்டும். முதல் அலை மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

பஞ்சர் கடை அக்கா எட்டிப் பார்க்கிறார். "இன்னாம்மா, இத்தினி கம்பி கீது? தறியா?"

"வாத்தியம்க்கா. கடல் மாதிரி வாசிக்கணும்." மீட்டிக் காட்டுகிறேன்.

நன்றாகக் கேட்கட்டுமென்று அவர் கம்ப்ரசரை அணைத்து, மிச்சக் காற்றைத் திறந்துவிடுகிறார். மணலில் நுரை பின்வாங்கும் அதே சத்தம். என் விரல்கள் அதன் பின்னாலேயே ஓடுகின்றன. அலை திரும்பிப் போவதிலிருந்து தொடங்கலாமே!

"இன்னொரு வாட்டி விடுங்கக்கா!"

டயர் மாட்டியாகிவிட்டது. டெம்போக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

"இருப்பா," என்கிறார் அக்கா, காற்றுக் குழாயை விடாமல். "கடலு இப்பத்தான் வந்துகினு கீது."