முப்பத்து நான்கு சதவீதம்

நான் மின்சார ஸ்கூட்டர் வாங்கியபோது மேனாம்பேட்டில் எங்கள் குடியிருப்பில் முதலில் சிரித்தவர் கீழ்வீட்டு அங்கிள்தான். பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் தன் பெட்ரோல் ஸ்கூட்டரை என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "கரன்ட் போனா உன் வண்டிக்கு லீவா தம்பி?" என்பார். "பெட்ரோல் தீர்ந்தா உங்க வண்டிக்கும் லீவுதானே அங்கிள்?" என்று நானும் விடமாட்டேன். அப்படிக் கிண்டல் செய்தவர்தான், பார்க்கிங்கில் எனக்கு சார்ஜிங் பாயின்ட் போடும் வரை இரண்டு மாதம் தன் வீட்டு ஜன்னல் வழியாக வயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார்.

அவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள் புயல் வந்தது. கரன்ட் போயிற்று. மூன்றாம் நாள் தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது, கரன்ட் மட்டும் வரவில்லை. அங்கிளின் மனைவி, ஆன்ட்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் அவர்கள் ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்திருந்தது. பங்க்கிலும் கரன்ட் இல்லை, பம்ப் ஓடவில்லை. போனில் சிக்னல் இல்லை, ஆட்டோ கண்ணிலேயே படவில்லை. எங்கள் வாசலில் ஓடக்கூடிய வண்டி என்னுடையது ஒன்றுதான்.

என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். வலி எடுத்தால் இந்த வண்டியில்தான் கூட்டிப்போக வேண்டும். நான் மணிக்கு ஒரு தடவை கீழே போய் சாவியைத் திருப்பி, திரையில் சார்ஜ் சதவீத எண்ணைப் பார்த்துவிட்டு வருவேன். ஓட்டாத வண்டியில் என்ன குறைந்துவிடும்? பயம் அப்படி.

அன்று மதியம் மூன்றரை இருக்கும். எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். சட்டென்று சாவியைத் திருப்பித் திரையை அணைத்தேன். ஆன்ட்டி கையில் ஃபிளாஸ்க்கோடு நின்றார்.

"தம்பி, ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் வுட்டுடுறியா? நாலு மணிக்கு அரைமணி நேரந்தான் உள்ள வுடுவாங்க. அவரு தேடிகினு இருப்பாரு."

"சார்ஜ் சுத்தமா இல்ல ஆன்ட்டி" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது. அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிப்பா" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடந்தார். கூப்பிட்டிருக்கலாம். தெருமுனை திரும்பும் வரை நேரமிருந்தது. நான் மாடிக்குப் போய்விட்டேன். மனைவியிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கரன்ட் வந்தது. தெருவே ஹோவென்று கத்தியது. நான் முதல் ஆளாக ஓடிப்போய் பிளக்கைச் செருகினேன். திரையில் முப்பத்து நான்கு. நிமிர்ந்தபோதுதான் கீழ்வீட்டு வாசலில் நிறைய செருப்புகள் கிடப்பதைப் பார்த்தேன். ஆன்ட்டி போய்ச் சேர்வதற்குள் கதவை மூடிவிட்டார்களாம். காலையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிள் விடியும் முன்பே போய்விட்டார்.

கல்லறைக்கு நானும் போனேன். எல்லோரையும் விட ஓடி ஓடி வேலை செய்தேன். அது இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஒன்பது நாள் கழித்து, கரன்ட் இருந்த ஒரு பகலில், ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம், எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த வாரம் ஆன்ட்டி மேலே வந்தார். குழந்தைக்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொண்டுவந்திருந்தார். குழந்தையை மடியில் போட்டுத் தொப்பியை மாட்டினார். என் மனைவி காபி போட உள்ளே போனதும் தலை நிமிராமல் கேட்டார்.

"அன்னிக்கு முப்பத்தி நாலு இருந்துச்சுல்ல தம்பி?"

மறுக்க முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

"அதுல எவ்ளோ தூரம் போவும்?"

"முப்பது கிலோமீட்டர் போகும் ஆன்ட்டி."

"ஆஸ்பத்திரி நாலுதான்" என்றார். குழந்தையின் காது மறையத் தொப்பியை இழுத்துவிட்டு, அவளை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். காபிக்கு நிற்கவில்லை.