நடுங்கும் கைக்கு ஒரு பைனாகுலர்

என் கைகள் நடுங்கத் தொடங்கிய பிறகு வீட்டில் யாரும் எனக்குக் காபியை டம்ளர் நிறைய ஊற்றுவதில்லை. இது வியாதி இல்லை, ஆனால் போகவும் போகாது, வரவரக் கூடலாம் என்றார் மருத்துவர். அன்றே முடிவு செய்துவிட்டேன். கை இன்னும் மோசமாவதற்குள் ஒரு கொக்குக் கூட்டையாவது அருகில் பார்த்துவிட வேண்டும். சிங்கம்புணரிப் பக்கம் ஒரு கண்மாய்க்கு வருஷா வருஷம் போகிறோம். கரையில் நின்றால் கருவேல மரங்களில் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும்.

பைனாகுலர் வாங்கக் காரைக்குடி கேமரா கடைக்கு என் வீட்டுக்காரரும் கூட வந்தார். எங்கள் பக்கத்தில் எந்தச் சாமானையும் முதலில் கையில் தூக்கிப் பார்ப்போம். சீர் கொடுக்கிற பித்தளை அண்டாவானாலும் மிக்ஸியானாலும் கனமாக இருந்தால்தான் நல்ல சாமான். அவர் அங்கிருந்ததிலேயே கனமானதைத் தூக்கினார்.

“இதுல்ல சாமான்! பத்து மடங்கு காட்டுமாம். நீ கையில எடுத்து வச்சிருக்கது எட்டுத்தானே?”

விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்களுக்குத் தாங்குகிற நடுத்தர விலை. கடைக்குள் சுவரைப் பார்த்து என்ன தெரியும்? இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். கடைக்காரர் தயங்கினார், நான் நகரவில்லை.

எதிர் வீட்டு முகப்பில் ஒரு சுதை லட்சுமி உட்கார்ந்திருந்தாள். பத்து மடங்கில் பார்த்தேன். பெரிதாகத்தான் தெரிந்தாள், ஆனால் பேயாட்டம் ஆடினாள். என் நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கியது. கொஞ்ச நேரத்தில் தோளும் கடுத்தது. எட்டில் வைத்தேன். லேசாக அசைந்தாள், மூக்குத்தி தெரிந்தது.

“சார் சொல்றதையே எடுங்கம்மா. ஒரு ஸ்டாண்டு போட்டா ஆடாது” என்றார் கடைக்காரர்.

“கொக்கு பறந்தா ஸ்டாண்டையும் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடவா?”

வீட்டுக்காரர் விடவில்லை. “காசு குடுக்குறதுதான் குடுக்குறோம், பெருசாப் பாக்கலாம்ல?”

“பாக்கப் போறது நீங்களா, நானா? எதுக்கு இம்புட்டு மல்லுக்கட்டுறீக?”

எட்டையே வாங்கினேன். கார் வீடு சேரும்வரை அவர் பத்து மடங்கின் பெருமையையே பேசிக்கொண்டு வந்தார். எனக்கும் உள்ளூரப் பயம்தான். கண்மாயில் ஒன்றும் தெரியாமல் போனால் இனி எதையும் என் இஷ்டத்துக்கு வாங்க விடமாட்டார்கள்.

மழை முடிந்ததும் போனோம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. நாங்களும் கார்க் கதவை மெல்லச் சாத்திவிட்டுக் கரை ஏறினோம்.

“நான் வேணாக் கையைப் புடிச்சுக்கட்டா?” என்றார்.

“வேண்டாம்.”

முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கிப் பார்த்தேன். முதலில் இலைகள். பிறகு ஒரு கொக்கின் முதுகு. அதன் அடியில் கூடு. தலைமயிர் சிலிர்த்து நின்ற ஒரு குஞ்சு, தாயின் அலகைப் பிடித்து இழுத்தது. தாய் குனிந்து கொடுத்தது.

“ஆடுதா?” என்று கேட்டார்.

“ஆடத்தான் செய்யுது. ஊட்டுறதும் தெரியுது.”

சொல்லும்போதே அழுதுவிட்டேன். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. அவர் கை நீட்டினார்.

“இங்குட்டுக் குடு, நானும் பாக்குறேன்.”

“இருங்க. இன்னும் ஊட்டி முடியல.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தேன்.