விழுந்துவிடுவேன் என்ற பயம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். போன வருடம் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். மறுபடி விழுந்துவிடுவேன் என்று பயந்து வீட்டிலேயே கிடந்தேன். கால்கள் மெலிந்துகொண்டே போயின.

மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு காலையில் திருவொற்றியூர் கடற்கரைச் சாலைக்குப் போனேன். கண்டெய்னர் லாரி ஒன்று உரசுவதுபோலக் கடந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். முன்னேயும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

எதிரே வேகமாக நடந்து வந்த, என் வயதுள்ள பெண் ஒருவர் நின்றார்.

“இன்னா நைனா, மயக்கமா கீதா?”

“இல்லம்மா. வுழுந்துடுவேன்னு பயமா கீது.”

அவர் சிரிக்கவில்லை. “நானும் இடுப்பு ஒடிஞ்சி கெடந்தவதான். என் தோள புட்ச்சிக்கோ. அந்த டீக்கடை வரிக்கும் போலாம்.”

கூச்சத்தோடு பிடித்துக்கொண்டேன். எனக்காக மிக மெதுவாக நடந்தார். கடை நெருங்கியதும், “இப்ப உட்டுடு, பக்கத்துலயே வரேன்” என்றார். விட்டேன். விழவில்லை.

அதன்பின் தினமும் நடக்கிறேன். கால்களுக்கு வலு வந்துவிட்டது, மாடிப்படியும் ஏறுகிறேன். அவரை மறுபடி பார்க்கவில்லை. நடக்கச் சொன்னவர்கள் எனக்குப் பலர். அன்று என்னோடு நடந்தவர் அவர் ஒருவர்தான்.