மேலே ஏறச் சொன்ன என் திட்டம்

நான் எழுதிய ஒரு தாளை நம்பி, அறுபத்தோரு பெண்கள் கொட்டும் மழையில் குடை பிடித்துப் படியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும் இடம் பாதுகாப்பானதுதானா என்ற சந்தேகம் ஒரு மாதமாக என் நெஞ்சில் கிடந்தது. அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவு மட்டும் எனக்கு இல்லை. சென்ற ஐப்பசியில், அந்தக் காலை வேளையில், நம் மாரியம்மன் எனக்குச் செய்த உதவியை வெள்ளிக்கிழமைதோறும் என்னோடு விளக்கேற்றும் சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

குன்னூருக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒரு பெண்கள் கல்லூரியில் நெடுங்காலமாக நூலகராக இருக்கிறேன். எங்கள் வளாகம் ஒரு சரிவில் படிப்படியாக அமைந்தது. உச்சியில் அரங்கம். அதன் பின்சுவருக்கு அப்பால், மலையைச் செங்குத்தாக வெட்டிய செம்மண் மேடு. சரிவின் நடுவில் மாணவியர் விடுதி. விடுதிக்குப் பக்கவாட்டில், பாறைத் திட்டு ஒன்றின்மேல் பழைய கல் கட்டடத்தில் உணவுக்கூடம். அரங்கத்தை ஒட்டி, மேலேயுள்ள தேயிலைக் காட்டின் மழைநீரைக் கீழே கொண்டுபோகும் வடிகால் ஒன்று உண்டு. தோட்டத்து மக்கள் அதைக் கான் என்பார்கள்.

இயற்கைப் பேரிடர் வந்தால் என்ன செய்வது என்று கல்லூரிக்கு ஒரு திட்டம் தேவைப்பட்டபோது, முதல்வர் அம்மையார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “நீங்கதானுங்க நெறையப் படிக்கறவங்க. நீங்களே எழுதிருங்க” என்றார். அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

என் தோழி ஒருத்தி கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் பணியாற்றுகிறாள். அவர்களுடைய திட்டம் மிக நேர்த்தியானது. எச்சரிக்கை மணி, பொறுப்பாளர்கள், பெயர்ப்பட்டியல், முதலுதவிப் பெட்டி என ஒவ்வொன்றும் அதன் இடத்தில் இருந்தது. அதை வாங்கி, ‘கடல்நீர்’ என்று இருந்த இடங்களில் ‘மழைவெள்ளம்’ என்று மாற்றினேன். மீனவர் குடியிருப்புக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற வரியைக் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடித்து நீக்கினேன். ஆனால், ‘மணி அடித்ததும் அனைவரும் வளாகத்தின் மிக உயரமான கட்டடத்துக்கு ஏற வேண்டும்’ என்ற வரியில் என் பேனா நிற்கவே இல்லை. கடலோரத்தில் ஆபத்து கீழேயிருந்து எழும். மலையில் அது மேலேயிருந்து இறங்கும். இத்தனை புத்தகங்களுக்கு நடுவே வாழ்பவளுக்கு இந்தச் சிறு வேறுபாடு தோன்றவில்லை.

புரட்டாசியில் ஒத்திகை நடந்தது. விடுதிப் பெண்கள் அத்தனை பேரும் எட்டு நிமிடத்தில் அரங்கத்துக்கு ஏறிவிட்டார்கள். “மிஸ், இவ்வளவு படி ஏறி வந்திருக்கோம். டீ, பஜ்ஜி ஏதாச்சும் உண்டுங்களா?” என்று பவித்ரா என்ற மாணவி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். முதல்வர் கைதட்டினார். நானும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன்.

கூட்டம் கலைந்தபின் ராசாமணி அக்கா வந்து நின்றார். எங்கள் வளாகத்துச் செடி கொடிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். சிறு வயதில் பெற்றோருடன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கு வந்தவர். கல்லூரி வேலைக்கு வருமுன் பல வருடங்கள் எஸ்டேட்டில் கான் வெட்டியவர்.

“ஏன் மேடம், மழைக்குப் பயந்து யாராவது மண்ணுக்கு அடியில போயி ஒளிவாங்களா?” என்றார்.

“இது அனுபவப்பட்டவங்க போட்ட திட்டங்க அக்கா” என்றேன்.

“எந்த ஊரு அனுபவம்?”

நான் புன்னகைத்துவிட்டு நூலகத்துக்குத் திரும்பினேன். கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது. அன்று மாலையே அரங்கத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். செம்மண் மேடு தலைக்குமேல் நிமிர்ந்து நின்றது. மழையில் அது சரிந்தால் அரங்கத்தின் மேல்தான் விழும் என்று புரிந்துவிட்டது. ஆனாலும் திட்டம் அச்சாகி, கையெழுத்தாகி, எல்லாச் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருந்தது. முதல்வர் அதைப் பிற கல்லூரிகளுக்கும் காட்டிப் பெருமைப்பட்டிருந்தார். தவறு என்று நானே போய்ச் சொல்வதா? நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். அந்த நாளை வரவே இல்லை.

நான்கு வெள்ளிக்கிழமைகள் உங்கள் நடுவே உட்கார்ந்து, உதடு அசையாமல் ஒரே வேண்டுதலை வைத்தேன். “தாயே, என் கையால் எந்தப் பிள்ளைக்கும் கேடு வரக் கூடாது. நான் எழுதியது தவறென்றால், அதைச் சரிசெய்ய எனக்கொரு வழியைக் காட்டு.” வழி அவள் ஏற்கனவே காட்டியிருந்தாள். ‘எந்த ஊரு அனுபவம்’ என்று கேட்ட குரல் அவளுடையதுதான் என்று அப்போது நான் அறியவில்லை. கனவையும், அவள் மேலிருந்து விழும் பூவையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மலைப்பாதையை மூடிவிட்டார்கள். முதல்வர் கோயம்புத்தூரில் மாட்டிக்கொண்டார். மின்சாரம் போயிற்று, செல்பேசியும் தொலைபேசியும் ஓய்ந்தன. காலை பத்து மணி இருக்கும். விடுதிக் காப்பாளர் மல்லிகா, திட்டத்தில் எழுதியிருந்தபடியே மணியை அடித்துவிட்டார். அவர் மீது எந்தக் குறையும் இல்லை. தாளில் இருந்ததைச் செய்தார்.

நான் நூலகத்திலிருந்து ஓடி வந்தபோது, முன்வரிசைப் பெண்கள் பாதிப் படி ஏறியிருந்தார்கள். படியடியில் நின்று கண்ணை மூடினேன். “தாயே, இப்போதாவது!” என்றேன். மழை இரைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். ஏறும் கூட்டத்துக்கு எதிராக, கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ராசாமணி அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தார்.

“கான்ல தண்ணி இல்ல மேடம்!”

எனக்கு விளங்கவில்லை. “இவ்வளவு மழை பெய்யுதேங்க அக்கா?”

“அதத்தான் சொல்றேன். காலையில நெரம்பி ஓடுச்சு. இப்ப சொட்டு இல்ல. இம்புட்டுத் தண்ணியும் எங்க போவும்? மலைக்குள்ள போவுது. உள்ள போன தண்ணி மண்ணத் தள்ளிக்கிட்டுத்தான் வெளிய வரும். பிள்ளைகள எறக்குங்க!”

அந்தக் கணத்தில் எனக்குள் ஏதோ தளர்ந்தது. ஒரு மாதமாகப் பிடித்துவைத்திருந்த வீம்பு அது. “எல்லாரும் நில்லுங்க! யாரும் மேலே போகாதீங்க!” என்று கத்தினேன். நூலகத்தில் முப்பது நாளும் ‘மெதுவாகப் பேசுங்கள்’ என்று சொல்பவளின் குரல் அது; பெண்கள் திகைத்து நின்றார்கள்.

மல்லிகா பதறி வந்தார். “ஏனுங்க மேடம், திட்டத்துல மேலதானுங்க போட்டிருக்குது? பிரின்ஸ்பால் கேட்டாங்கன்னா நான் என்னங்க பதில் சொல்றது?”

“அதை எழுதுனதே நான்தானுங்க மல்லிகா. தப்பா எழுதிட்டனுங்க.”

சகோதரிகளே, ஒரு மாதமாக என் தொண்டையில் நின்ற வார்த்தை அதுதான். எத்தனை எளிதாக வெளிவந்தது! அந்தத் துணிவு என்னுடையதல்ல. கேட்டவளுக்கு அவள் கொடுத்தது.

மண் கானின் வழியேதான் இறங்கும், அந்தப் பக்கமாகக் கீழே போகக் கூடாது என்றார் ராசாமணி அக்கா. சரிவுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் நடத்தி, பாறைத் திட்டின் மேலிருந்த உணவுக்கூடத்துக்கு எல்லோரையும் கொண்டுபோனார். “ஏ பொண்ணே, செல்ஃபி எடுக்குற நேரமா இது? காலப் பாத்து வையி!” என்று வழியெல்லாம் அதட்டினார். மல்லிகா பெயர்களை வாசித்தார். அறுபத்தோரு குரல்களும் பதில் சொன்னபின்தான் நான் உட்கார்ந்தேன்.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தபோது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போன்ற ஒலி கேட்டது. நெடுநேரம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தோம். செம்மண் மேடு அரங்கத்தின் பின்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்திருந்தது. மேடை இருந்த இடத்தில் ஒரு சவுக்கு மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. பவித்ரா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

பாதை திறந்ததும் வந்த முதல்வரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “புதுசா எழுதுங்க. இந்தத் தடவ யார் யாரக் கேக்கோணுமோ கேட்டு எழுதுங்க” என்றார். அதன்படி, புதிதாக அமைத்த பேரிடர்க் குழுவில் ராசாமணி அக்காவின் பெயர் சேர்ந்தது. முதல் கூட்டத்தில் ஐந்து நிமிடம்தான் பொறுத்தார். “நாக்காலியில உக்காந்தா மண்ணு எப்புடித் தெரியும்? எழுந்திரிங்க மேடம், நடப்போம்.” வளாகத்தின் ஒவ்வொரு சரிவையும் அவரோடு நடந்து பார்த்தே புதிய திட்டத்தை எழுதினேன். அன்றாடம் எந்த வடிகாலை யார் பார்ப்பது என்பதுதான் அதன் முதல் பக்கம்.

நன்றி சொல்லப் போனபோது, “அம்மனுக்குப் பொங்கல் வைங்க. எனக்கு நல்லதா ஒரு மழைக்கோட்டு வாங்கிக் குடுங்க” என்றார். இரண்டையும் செய்தேன்.

இப்போது மழை பெய்தால் எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது. பிரார்த்தனையை நான் விடவில்லை. ஆனால் அதன்பின் காத்திருக்கும் விதம் மாறிவிட்டது. கேட்டுவிட்டு, எதிரே வந்து பேசுபவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறேன்.

உங்களில் யாருக்கேனும் ‘நான் செய்தது சரிதானா’ என்று மனத்தில் உறுத்தும் ஒன்று இருந்தால், அதை அவள் முன்னே வையுங்கள். வெட்கப்பட வேண்டாம்; காலம் தாழ்த்தவும் வேண்டாம். அவள் காட்டுவாள். எனக்குக் காட்டினாள். மண் சரிந்த அன்று மாலை, உணவுக்கூடத்துத் தொலைபேசி உயிர்பெற்றதும் அதன் வாசலில் பெண்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருத்தியாகத் தன் அம்மாவிடம், “நான் நல்லாருக்கேம்மா” என்று சொன்னதை, கடைசிப் பெண் சொல்லி முடிக்கும்வரை நான் நின்று கேட்டேன்.